விலைக்கு வாங்கிய பாராட்டு

"இதுல குற்றம் எங்க இருக்கு, அண்ணி? ஒரு அம்மாவை உலகமே பாராட்டுது. அதுக்குப் போய் துப்பறியற ஆளைக் கூப்பிடறாங்க," என்றான் கொக்கு, கண்ணாடிக் கூடத்தின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே.

"நம்மள யாரும் பாராட்டலையேன்னு உனக்கு வயித்தெரிச்சல்," என்றாள் வக்கீலம்மா.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சுருக்கென்று தைத்தது. அவர்கள் முடித்துக்கொடுத்த நகைக்கடை வழக்கைப் பற்றி அன்று காலைப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்திருந்தது. வக்கீலம்மாவின் படம் பெரிதாக. பக்கத்தில் நின்றவனின் இடது காது மட்டும் ஓரத்தில். அந்தக் காது கொக்குவினுடையது. கடைப் பூட்டில் மெழுகு ஒட்டியிருந்ததை முதலில் பார்த்தவனும் அவன்தான். செய்தி அதற்கு 'துப்பறிவாளரின் கூரிய கண்கள்' என்று பெயர் கொடுத்திருந்தது.

வக்கீலம்மா கொஞ்ச காலம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டவள். வாய்தா வாங்கி வாங்கி அலுத்துப்போய்த் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கோட்டுதான் போனது, பெயர் போகவில்லை. கொக்கு அவள் கணவனின் தம்பி. உயரத்துக்கும் கழுத்துக்கும் வந்த பட்டப்பெயர். எந்த வேலையிலும் நிலைக்காதவனை, "வீட்ல உக்காந்து ஃபேனை எண்ணாம என்கூட வா," என்று அழைத்துக்கொண்டவள் அவள்தான். அதனால் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

கூடத்துக்குள் வெக்கையும் தழை வாசனையும். வரிசை வரிசையாகத் தொட்டிகளில் தக்காளிச் செடிகள், நூல் கட்டி மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் காய்க்கும் ரகம். அந்த ரகத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்த பேராசிரியை ஐம்பதைத் தாண்டியவர். கறுப்புச் சாயம் பூசிய முடி, தடித்த கண்ணாடி. ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'தக்காளி டாக்டர்'.

"நான் ஒரு கட்டுரை எழுதறேன். அதைப் படிச்ச இன்னொருத்தர் தன் கட்டுரையில, 'இவங்க இப்படிக் கண்டுபிடிச்சிருக்காங்க'ன்னு என் பேரைக் குறிப்பிடறார். அதுக்கு மேற்கோள்னு பேர். யார் யாருக்கு எத்தனை மேற்கோள்னு எண்ணிக்கிட்டே இருக்க ஒரு இணையதளம் இருக்கு. பதவி, விருது எல்லாமே அந்த எண்ணைப் பார்த்துத்தான்."

மேசைக் கணினியில் தன் பக்கத்தைக் காட்டினார். பல வருடங்களாகச் சரிவான மேடுபோல் ஏறி வந்த கோடு, கடைசிச் சில மாதங்களில் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது.

கொக்கு தலையை ஆட்டினான். "பத்துப் பேர் பேசினா பேரு. ஆயிரம் பேர் பேசினா புகழு. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா போலீஸ் கேஸு."

தக்காளி டாக்டர் சிரிக்கவில்லை. "நான் காசு குடுத்து மேற்கோள் வாங்கினேன்னு புகார். அடுத்த இயக்குநரா என்னைத்தான் போடறதா இருந்தாங்க. நாளைக்குக் காலைல விசாரணைக் குழு கூடுது. என் பேரைக் கெடுக்க யாரோ பண்ணியிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

"உங்களைக் குறிப்பிட்டு வந்த அந்தப் புதுக் கட்டுரைகளைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"எல்லாம் குப்பை. பிரிச்சுக்கூடப் பாக்கலை."

"யார் மேல சந்தேகம்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் பதில் வந்தது. "எதிர் அறை. மக்காச்சோளம்."

மக்காச்சோள ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் தொப்பையும் மீசையுமாகத் தாராளமாக இருந்தார். மேசை நிறைய உலர்ந்த கதிர்கள். ஒன்றை ஒதுக்கிவிட்டு இருவருக்கும் இடம் கொடுத்தார்.

"புகார் குடுத்தது நான்தான். கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தேன். பொறாமையான்னு கேப்பீங்க. ஆமா, பொறாமைதான். காலைல பல்லு தேய்ச்சதும் அந்தம்மாவோட எண்ணைத்தான் பாப்பேன். அதுக்கப்புறம்தான் காபி. காபி கசந்தா எண்ணு ஏறியிருக்குன்னு என் வீட்டுக்காரிக்கே தெரியும்."

"அப்ப அந்த மேற்கோள்களை வாங்கிப் போட்டது நீங்க இல்லையா?"

"நானா?" நாற்காலி கிறீச்சிட்டது. "என் சொந்தக் காசைக் குடுத்து அவங்களைப் பாராட்டச் சொல்வேனா? பொறாமைக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கும்மா!"

கொக்குவுக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

புகாரோடு இணைத்திருந்த கட்டுரைகளின் நகல் கட்டை அவர் எடுத்துக் கொடுத்தார். பத்திரிகைப் பெயர்கள் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரே முகவரி. கொக்கு கட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினான்.

அந்த முகவரி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடி. 'ஆய்வு உதவி மையம்' என்று பலகை. உள்ளே இரண்டு கணினிகள், ஒரு தண்ணீர்க் கேன், இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு ஆள்.

"நான் பாசி ஆராய்ச்சி பண்றேன், சார்," என்று குரலைத் தாழ்த்தினான் கொக்கு. "யாரும் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கறாங்க."

"கவலைப்படாதீங்க சார், கண்டுக்க வச்சிரலாம்." அந்த ஆள் மனதார உருகினார். "உங்க கட்டுரைகளை மட்டும் குடுங்க. அதையெல்லாம் குறிப்பிட்டு நாங்க கட்டுரை எழுதி, நாங்களே வெளியிட்டுருவோம். உங்க எண்ணு கிடுகிடுன்னு ஏறும்."

வக்கீலம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். தன் அட்டையை மேசையில் வைத்து, கோர்ட்டில் பழகிய குரலில் இரண்டு சட்டப் பிரிவுகளைச் சொன்னாள். இரண்டில் ஒன்று உண்மையானது. மையத்துக்காரர் தண்ணீர் குடித்தார்.

"மேடம், நாங்க யார் கழுத்தையும் அறுக்கலை. ஆசைப்பட்டுக் கேக்கறவங்களுக்குச் செஞ்சு குடுக்கறோம்."

கொக்கு தன் போனில் தக்காளி டாக்டரின் படத்தை எடுத்து நீட்டினான். அவர் எட்டிப் பார்த்து, "இந்தம்மாதான்," என்றார்.

கொக்குவின் புருவம் மேலே போனது. "நல்லாப் பாருங்க."

"இவங்கதான் சார். நேர்லயே வந்தாங்க. அடையாள அட்டையைக் கேட்டேன். கட்டுரையில இருக்கற அப்பா பேரு, இவங்க பேரோட முதல் எழுத்து, ரெண்டும் பொருந்திச்சு. என்ன, நேர்ல கொஞ்சம் வயசாத் தெரிஞ்சாங்க. தலை முழுக்க நரை. போட்டோல எல்லாரும் இளமையாத்தானே இருப்போம்?"

"வேற ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் வக்கீலம்மா.

"எந்தெந்தக் கட்டுரைன்னு அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. அதைத் தவிர வேற எதையும் தொடக் கூடாதுன்னு கறாராச் சொன்னாங்க. பேசிக்கிட்டே இருந்தவங்க அழுதுட்டாங்க. இத்தனை வருஷமா யாரும் கண்டுக்கலையாம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

படியிறங்கும்போதே கொக்கு குதித்தான். "முடிஞ்சுது அண்ணி! அந்தம்மாவே வாங்கியிருக்கு. மாட்டிக்கிட்டதும் நம்மளைக் கூப்பிட்டு நாடகம் ஆடுது."

வக்கீலம்மா காரில் உட்கார்ந்து, அவன் மடியிலிருந்த கட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நடுவில் நிறுத்தி, "கொக்கு, உன்னைத் தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னா பீன்ஸ் வாங்கிட்டு வருவியா?" என்றாள்.

"வந்திருக்கேன். அண்ணன் கத்தினது தெருவுக்கே கேட்டுச்சே."

"இங்க கத்த ஆளில்லாமப் போச்சு. பாரு." கட்டுரைகளின் கடைசியில் குறிப்பிட்டிருந்த தலைப்புகளின் மேல் விரலை ஓட்டினாள். "பீன்ஸ் செடியில துரு நோய். துரு நோயைத் தாங்கற பீன்ஸ். பீன்ஸ் விதையில அதே குணம். தக்காளின்னு ஒரு வார்த்தை இருக்கா? எண்ணு ஏறிடுச்சுன்னு மக்காச்சோளக்காரர் புகார் குடுத்தார். எண்ணு ஏறிடுச்சுன்னு குழு போட்டாங்க. எதுக்கு ஏறிச்சுன்னு ஒருத்தரும் பாக்கலை."

கொக்கு கட்டைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் அது அவன் மடியில்தான் இருந்தது. பிரித்திருந்தால் அவனே சொல்லியிருக்கலாம்.

"அதே முகம், அதே அப்பா பேரு, அதே முதல் எழுத்து, கொஞ்சம் கூடுதல் வயசு. யாரா இருக்கும்?" என்றாள் அவள்.

"அக்கா," என்றான் கொக்கு, அவளுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று.

வக்கீலம்மா தக்காளி டாக்டருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். "மேடம், உங்க அக்கா எங்க வேலை பாக்கறாங்க?"

மறுமுனையிலிருந்து மெதுவாக, "விதைப் பரிசோதனை நிலையம்," என்று வந்தது.

போனை வைத்துவிட்டு வக்கீலம்மா சொன்னாள், "எதுக்குக் கேக்கறீங்கன்னு அவங்க கேக்கவே இல்ல, கவனிச்சியா?"

விதைப் பரிசோதனை நிலையத்தில் நீண்ட மேசைகள். ஈரக் காகிதச் சுருள்களைப் பிரித்து, முளைத்த விதையை ஒரு பக்கமும் முளைக்காததை மறுபக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார் ஒரு அம்மாள். தக்காளி டாக்டரின் அதே மூக்கு, அதே நெற்றி. முடி மட்டும் பஞ்சு. யாருக்காகச் சாயம் பூசுவது என்று விட்டுவிட்டது போல் இருந்தது.

வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் அவர் நிமிராமலே பதில் சொன்னார். ஆய்வு உதவி மையமா, தெரியாது. தங்கையா, பார்த்தே நாளாயிற்று. மேற்கோளா, அதெல்லாம் பெரிய இடத்துக்காரர்கள் சமாச்சாரம். இடுக்கி மட்டும் விதை விதையாக நகர்ந்தது.

கொக்கு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். பையிலிருந்து பத்திரிகையை எடுத்து ஈரம் படாத இடத்தில் விரித்தான்.

"அம்மா, இந்த ஓரத்துல ஒரு காது தெரியுதா? அது நான்தான்."

இடுக்கி நின்றது.

"பூட்டுல மெழுகு இருந்ததைப் பாத்தது நான். இதுல இவங்க பேர் இருக்கு. இவங்க என் அண்ணி. எனக்குச் சோறு போடறவங்க, வேலை குடுத்தவங்க. இவங்களை ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா எனக்குக் கோவம் வரும். ஆனாலும் காலைலேர்ந்து இவங்க வாயத் தொறக்கும்போதெல்லாம் எனக்கு எரியுது. இப்படி இருக்கறது தப்பான்னு தெரியலை."

வக்கீலம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒன்று அவனுக்குள் இருப்பது அவளுக்குத் தெரியாது.

அந்த அம்மாள் படத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். "உனக்குக் காதாவது வந்திருக்கு, தம்பி," என்றார்.

பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

மரபியல் படிப்புக்கு வீட்டில் முதலில் போனது அவர்தான். பீன்ஸில் துரு நோயைத் தடுக்கும் மரபணுவைத் தேடிக் கண்டுபிடித்தார். அக்காவைப் பார்த்துத் தங்கையும் அதே படிப்புக்கு வந்தாள், அதே நிலையத்தில் சேர்ந்தாள். கட்டுரைகளில் அப்பா பெயரும் இவர்கள் பெயரின் முதல் எழுத்தும் மட்டும்தான் இருக்கும். இருவருக்கும் ஒரே எழுத்து. எண்ணும் தளம் இருவரையும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தங்கையின் பக்கத்தில் கொட்டியது.

"என் பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல. பேராசிரியர் பதவி ஒண்ணு வந்துச்சு. ரெண்டு பேருமே விண்ணப்பிச்சோம். அவளுக்கு அத்தனை மேற்கோள், எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு அவளுக்குக் குடுத்தாங்க, நான் இங்க வந்துட்டேன். அந்த எண்ணுல பாதி என் பீன்ஸு. என்னை வச்சே என்னைத் தோக்கடிச்சாங்க."

"தளத்துக்கு எழுதிப் போடலையா?" என்றாள் வக்கீலம்மா.

"போட்டேன். அந்தப் பக்கம் யார் பேர்ல இருக்கோ அவங்க 'இது என்னுது இல்ல'ன்னு சொன்னாத்தான் பிரிப்போம்னாங்க. அவகிட்ட கேட்டேன். 'பாக்கறேன்க்கா'ன்னா. இன்னிக்கு வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. இப்ப இயக்குநர் ஆகப் போறான்னு கேள்விப்பட்டேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை." அவர் முகத்தில் சின்னதாக ஒரு திருப்தி வந்தது. "என் கட்டுரைக்கு நான் பாராட்டு வாங்கினேன். அது போய் அவ கணக்குல விழுந்தா அது என் தப்பா?"

வக்கீலம்மா தொழில் மரியாதையோடு தலையசைத்தாள். இப்படி ஒரு வாதம் கோர்ட்டில்கூட அவள் கேட்டதில்லை.

"தப்புதான்," என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. தக்காளி டாக்டர் நின்றிருந்தார். போன் வந்ததும் கிளம்பி வந்திருக்க வேண்டும், ஆய்வுக்கூடக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வாங்க," என்றாள் வக்கீலம்மா. "கட்டுரைகளைப் பிரிச்சுக்கூடப் பாக்கலைன்னு சொன்னீங்களே, பொய்தானே? முதல் நாளே பாத்துட்டீங்க. பீன்ஸுன்னு தெரிஞ்சதும் யாருன்னும் தெரிஞ்சுடுச்சு. ஆனா அதை வெளியில சொன்னா, பீன்ஸ் எப்படி உங்க கணக்குக்கு வந்துச்சுன்னு கேப்பாங்க. அதனால மக்காச்சோளத்தைக் காட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டீங்க."

"ஆக, கண்டுபிடிக்க நம்மளைக் கூப்பிடலை," என்றான் கொக்கு. "தப்பா கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க."

தக்காளி டாக்டர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல நான் கவனிக்கவே இல்ல. கவனிச்சப்போ பதவி வந்துடுச்சு. அப்புறம் எப்படிப் பிரிக்கறது? உன்னோடது கொஞ்சம்தானேன்னு நினைச்சேன், அக்கா."

"கொஞ்சமா?" என்றார் அக்கா.

வக்கீலம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை யோசிக்கலை. நாளைக்கு உங்க தங்கை குழு முன்னாடி உண்மையைச் சொன்னா, ரெண்டு பேர் கட்டுரையையும் பிரிப்பாங்க. பிரிச்சா, வாங்கின மேற்கோள் எல்லாம் பீன்ஸோட சேர்ந்து உங்ககிட்ட வந்துடும். அப்ப மோசடி உங்க பேர்ல. வேலை போகும், ஓய்வூதியத்துக்கும் ஆபத்து." அவள் அக்காவைப் பார்த்தாள். "உங்க பேர் உங்களுக்குக் கிடைக்கற நிமிஷமே நீங்க மாட்டிக்குவீங்க. பேசாம இருந்தா உங்களை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

அக்காவின் கை மெல்ல மடியில் இறங்கியது. தங்கைக்கு வைத்த பொறி தன் வாசலிலும் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தங்கை அழுதுகொண்டே முன்னால் வந்தார். "வேணாம்க்கா. உனக்கு ஒண்ணும் ஆக வேணாம். நான் பண்ணினதுக்கு இதுவாவது பண்றேன். நானே காசு குடுத்து வாங்கினேன்னு நாளைக்குச் சொல்லிடறேன். பழி என் மேலயே இருக்கட்டும்."

கொக்கு மூச்சை விட்டான். அவனுக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. அக்கா இப்போது எழுந்து தங்கையைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தான்.

அக்கா எழுந்தார்.

"ஏண்டி, அதையும் உன் பேர்லயே எழுதிக்கப் போறியா?" என்றார். "என் பீன்ஸு உன்னுது. என் பதவி உன்னுது. இப்ப நான் பண்ணின திருட்டும் உன்னுதா?"

மறுநாள் காலை விசாரணைக் குழுவின் முன்னால் அவர்தான் உட்கார்ந்தார். வக்கீலம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை. பீன்ஸ் கட்டுரைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, "இது என்னுது," என்றார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய மேற்கோள்களைப் பற்றிக் கேட்டார். "அதுவும் என்னுது," என்றார், கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல். தங்கையும் எழுந்து, பல வருடங்களுக்கு முன் அழுத்தியிருக்க வேண்டிய 'இது என்னுது இல்ல' பொத்தானைத் தான் அழுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டார். சுவரோரம் நின்றிருந்த கொக்கு இருவர் முகத்தையும் பார்த்தான். அழுதது ஒருவர்தான். மற்றவர் பரிசு வாங்க மேடை ஏறியவரைப்போல் உட்கார்ந்திருந்தார்.

விதைப் பரிசோதனை நிலையம் அக்காவை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியது. ஓய்வூதியத்தை வக்கீலம்மா அலைந்து திரிந்து காப்பாற்றிக் கொடுத்தாள். இயக்குநர் நாற்காலி மக்காச்சோளத்துக்குப் போனது. தக்காளி டாக்டர் பேராசிரியராகவே இருந்தார். தளத்துக்காரர்கள் வாங்கிய மேற்கோள்களை அடித்துத் தள்ளிவிட்டு, ஒரே பக்கத்தை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள்.

சில வாரங்கள் கழித்து, வழக்கு அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளத் தக்காளி டாக்டர் அலுவலகத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் போகாமல் நின்றார். வக்கீலம்மா உள்ளறையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்காவோட பக்கத்தைப் பாத்தீங்களா?" என்று கொக்குவிடம் கேட்டார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"நீங்க பாக்கலையா?"

"எனக்கு எங்க நேரம்."

கொக்கு போனில் தேடி எடுத்தான். முதலில் அக்காவின் எண், பிறகு தங்கையின் எண். வாங்கியதையெல்லாம் கழித்த பிறகும் அக்காவினுடையதுதான் கூடுதல். கொஞ்ச நஞ்சமல்ல. எதுவும் சொல்லாமல் போனை நீட்டினான்.

தக்காளி டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். கீழே இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பீன்ஸ்ல ஆராய்ச்சி பண்றவங்க ஜாஸ்தி," என்றார் வாசலில் நின்று. "மேற்கோள் அதுவா வரும். தக்காளில அப்படி இல்ல."